எமலிங்கம் தாண்டியதும் மகன் சொன்னது

என் கோபம் தெருவுக்கே தெரியும். அதனால்தான் பிளஸ் டூ படிக்கும் என் மகன் அந்த விஷயத்தை வீட்டில் சொல்லாமல் கிரிவலத்தில் சொன்னான்.

பௌர்ணமி காலை. எமலிங்கம் தாண்டியதும், "எப்பப் பாரு ஒரு நாவலைப் படிக்கிறியே, என்னடா கதை?" என்று கேட்டேன்.

"ஒரு பையனுக்கு இன்னொரு பையனைப் பிடிக்குதுப்பா. நானும் அப்படித்தான்."

எனக்குத் தலை சூடேறியது. வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தேன். எதிரே வந்த கூட்டத்தில் ஒரு அம்மா அதட்டினாள்: "இன்னாங்க, மலையை எதிர்ப்பக்கமா சுத்துறீங்க? திரும்புங்க!"

வலத்தைப் பாதியில் விட்டுத் திரும்பக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அவன் பக்கத்திலேயே போய் நடந்தேன்.

"தெரிஞ்சேதான் இங்க சொன்னியா?"

"வீட்ல சொன்னா எழுந்து போயிடுவீங்கப்பா."

குபேரலிங்கம் வரை தரையைப் பார்த்தே நடந்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். கடைசியில் கேட்டேன்: "அந்தக் கதையில அப்பன் என்ன பண்றான்?"

"பையனை வீட்டை விட்டுத் துரத்திடுறாரு."

"முட்டாப்பய," என்றேன்.

சிரிக்க ஆரம்பித்தவன் நடுரோட்டில் அழுதுவிட்டான்.

எனக்கு இன்னும் பாதி புரியவில்லை. கோபமும் முழுசாகப் போகவில்லை. ஆனால் அந்தக் கதையில் வரும் அப்பனை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அவன் ஊரில் சுற்றி வர ஒரு மலை இல்லை.