மூன்று விநாடிச் சிரிப்பு

ஓட்டை வாய் என்று என் மனைவி என்னைச் சொல்வாள். நான் ஒப்புக்கொண்டதே கிடையாது. கல்யாண வீடியோ எடுத்தவனுக்கு எத்தனை வீட்டு ரகசியம் தெரியும், அதில் ஒன்றையாவது வெளியே விட்டிருக்கிறேனா என்று எகிறுவேன். இப்போது எகிறுவதில்லை.

இருபது வருடங்களுக்கு முன் திருச்செங்கோட்டுக்கும் மல்லசமுத்திரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன அறையில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். பெரிய கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தால், பந்தியில் இருப்பவர்கள்கூட இலையை விட்டுத் தலையைத் தூக்கிச் சிரிப்பார்கள். மாப்பிள்ளையின் முகத்தை இதயத்துக்குள் வைப்பேன். பின்னால் ஏதோ வெளிநாட்டு அருவி கொட்டும். ரோஜாப்பூ விரிந்து உள்ளேயிருந்து பெண் வருவாள். கல்யாணம் இல்லாத மாதங்களில் கட்சி ஊர்வலம், பட ரிலீஸ், கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம். செல்போன் வந்து எல்லாரையும் கேமராமேன் ஆக்கியதும் சேலத்துக்கு வந்து ஃபேர்லேண்ட்ஸில் சிசிடிவி மாட்டும் கடை போட்டேன். அன்று என் கேமராவைப் பார்த்துச் சிரித்த ஜனம் இன்று அதன் கீழே தலையைக் குனிந்துகொண்டு போகிறது.

பழைய கேசட்டுகள் மூன்று சாக்கு நிறையப் பரணில் கிடந்தன. பூஞ்சை பிடித்தது போக மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முகநூலில் ஒரு பக்கம் ஆரம்பித்து, வாரம் ஒன்றாகப் போட ஆரம்பித்தேன். என் இதயமும் அருவியும் பேரன் பேத்திகளுக்குச் சிரிப்பாய்ச் சிரிக்கக் கிடைத்தன. ரசிகர் மன்றத் தலைவர் ஒருவர் வேட்டியை மடித்துக்கொண்டு ஆடிய ஆட்டத்துக்குப் பையன்கள் புதுப்பாட்டை ஒட்டி ஊரெல்லாம் ஓடவிட்டார்கள். வேறொரு கேசட்டில், இன்றைக்கு ஒரு கட்சியில் இருக்கிற பெரிய மனிதர் அன்றைக்கு எதிர்க்கட்சித் துண்டைப் போட்டுக்கொண்டு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். இரண்டு கட்சிப் பிள்ளைகளும் என் பக்கத்தில் வந்து ஒரு வாரம் கட்டிப் புரண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வயசான காலத்தில் இப்படி ஒரு புகழ்.

அப்படித்தான் ஒரு தேர்தல் பிரசார கேசட்டையும் போட்டேன். மைக் கட்டிய ஜீப், பின்னால் வந்த கூட்டம், அந்தக் காலத்துக் கோஷம், இவ்வளவுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. ஜீப்புக்குப் பின்னால் ஒரு சுவரில் ஒருவன் சின்னம் வரைந்துகொண்டிருந்தான். சைக்கிளில் போன ஒரு பெண் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் பிரஷ்ஷோடு அப்படியே நின்றான். மொத்தம் மூன்று விநாடி. நான் எடுத்த படத்தில் நானே அதைக் கவனிக்கவில்லை. இணையத்தில் இருப்பவர்கள் கவனித்தார்கள். அந்த மூன்று விநாடியை மட்டும் வெட்டி, மெதுவாக ஓடவிட்டு, பாட்டுப் போட்டு, தமிழ் பேசுகிற ஒவ்வொரு கைக்கும் அனுப்பிவிட்டார்கள். இவர்கள் யார், சேர்ந்தார்களா, இப்போது எங்கே என்று ஆயிரம் கேள்வி.

அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

அவள் ரிக் வண்டி வைத்திருக்கும் பெரிய வீட்டுப் பெண். வடமாநிலம் வரைக்கும் போய் போர்வெல் போடுகிற வண்டிகள். அவன் காலனியில் இருந்து வந்து கட்சிக்காரர்களுக்குச் சுவர் எழுதுகிறவன். அந்தத் தேர்தல் முடிந்த ஆறாவது மாதம் இரண்டு பேரும் என் ஸ்டுடியோவுக்கு வந்து, ரெஜிஸ்டர் ஆபீசுக்கு வேண்டும் என்று பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிப் போய்விட்டார்கள். அவள் வீட்டார் ஒரு வாரம் தேடிவிட்டு, உயிரோடு இருக்கிற பெண்ணுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து ஊரெல்லாம் ஒட்டினார்கள். அண்ணன் மொட்டை அடித்துக்கொண்டான். எங்கள் பக்கத்தில் இப்படிச் செய்வது உண்டு. போஸ்டரில் இருந்தது அவள் வீட்டுச் சீர் ஒன்றில் நான் எடுத்துக்கொடுத்த படம்.

சுவர் எழுதிய அந்தப் பெயிண்டர் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை பொங்கலன்று எனக்குப் போன் செய்வான். தூரத்தில் ஒரு ஊரில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருந்தான். இரண்டு பிள்ளைகள். வேறு யாருக்கும் இது தெரியாது.

இந்த இடத்தில்தான் என் வாய் வேலை செய்தது. ஆயிரம் பேர் கேட்கிறார்கள், பதில் என் ஒருவனிடம் இருக்கிறது. எப்படிச் சும்மா இருப்பேன்? "சேர்ந்துட்டாங்க. நல்லா இருக்காங்க. ரெண்டு பிள்ளைங்க" என்று எழுதிவிட்டேன். ஊர் சொல்லவில்லை, பேர் சொல்லவில்லை, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். கீழே இதயங்களாகக் கொட்டின. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைப் பார்த்துப் பார்த்து ரசித்தேன்.

மறுநாள் பெயிண்டர் கூப்பிட்டான். அவன் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"அண்ணா, அத எடுத்துருங்கண்ணா. இவ நேத்துல இருந்து சோறு திங்கலீங்கண்ணா."

உடனே எடுத்தேன். என் பக்கத்தில் இருந்துதான் எடுக்க முடிந்தது.

பத்து நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு அவளுடைய அண்ணன் என் கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, என்னைவிட நாலைந்து வயது சின்னவர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். டீ வாங்கிக்கொடுத்தேன். பதறாமல் குடித்தார்.

"நம்மூட்டுக்கு நாலு கேமரா மாட்டோணுங்க. நீங்களே வந்து மாட்டுனாத்தானுங்க திருப்தி."

"ஆள் அனுப்பறேனுங்களே."

"நீங்களே வாங்க. பழைய வீடியோவெல்லாம் போடறீங்களாமா? நம்ம பசங்க காட்டுனாங்க. அந்தப் புள்ள நல்லா இருக்குதுன்னு எழுதியிருந்தீங்களே, சந்தோசமுங்க."

"அது சும்மா எழுதினதுங்க. எனக்கென்ன தெரியும்?"

"தெரியாமத்தானுங்க ரெண்டு பிள்ளைங்கன்னு எழுதுனீங்க?" என்று சிரித்தார். நான் அழித்த வரி அவருடைய செல்போனில் படமாக இருந்தது. "கோவிச்சுக்காதீங்க. எப்ப வாரீங்க?"

அதட்டியிருந்தால் நானும் அதட்டியிருப்பேன். இந்த 'ங்க'வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? போகாமல் இருந்தால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும் என்று கணக்குப் போட்டேன். புதன்கிழமை வருகிறேன் என்றேன். செல்போனில் அவன் எண்ணைப் 'பெயிண்டர்' என்று மட்டும்தான் பதிந்து வைத்திருந்தேன். அது போதும் என்று நினைத்த புத்திசாலி நான்.

மல்லசமுத்திரம் தாண்டி, வாசலில் இரண்டு ரிக் வண்டிகள் நின்ற வீடு. கூடத்தில் மாலை போட்ட அவளுடைய படம் மாட்டியிருந்தது. அதற்குக் கீழே அவளுடைய அம்மா நாற்காலியில் இருந்தார். அண்ணன் என்னிடம் அந்த வீடியோவை டிவியில் போடச் சொன்னார். போட்டேன். சைக்கிள் வந்தது, திரும்பினாள், சிரித்தாள். இன்னொரு தடவை என்றார் அந்த அம்மா. ஏழெட்டுத் தடவை போட்டிருப்பேன். அண்ணன் டிவியைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரோ கூப்பிட அவர் வாசலுக்குப் போனார். அந்த அம்மா தண்ணீர் சொம்பை நீட்டுகிற மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, அவ எங்கிருந்தாலும் இருக்கட்டும். நீங்க வாயத் தொறந்துறாதீங்க சாமி."

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். அந்த நிமிடம் என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது. என்ன ஆனாலும் இவர்கள் என்னிடம் இருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

பிறகு வேலையில் இறங்கினேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது ஏணி மேல் நிற்பவனுக்குத் தெரியாது. செல்போனில்தான் படம் தெரியும். அதனால் செல்போனைத் திறந்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு ஏறுவோம். அவர் கீழே நின்றுகொண்டு இடது, வலது, மேலே என்று சொல்லச் சொல்ல நாங்கள் திருப்புவோம். பன்னிரண்டு வருடமாக எத்தனையோ வீட்டில் இப்படித்தான் செய்திருக்கிறேன். கை தானாகப் போய்விடும். அன்றைக்கும் போனது.

மூன்று கேமராவுக்கு ஒழுங்காகச் சொன்னார். நாலாவது, கேட்டைப் பார்க்கிற கேமரா. "கொஞ்சம் கீழ தள்ளுங்க... இன்னும்... இருங்க, சிக்னல் நிக்குதுங்க" என்று இரண்டு எட்டு நகர்ந்தார். மேலே இருந்து எனக்கு அவருடைய உச்சந்தலை மட்டும் தெரிந்தது. "போதுமுங்க, இறங்குங்க" என்றார். செல்போனைத் துடைத்துக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வயிறு சரியில்லை என்று சொல்லிக் கிளம்பினேன்.

ஆட்டையாம்பட்டியில் டீக்கு நிறுத்தினேன். மணி மூன்று இருக்கும். கேமராக்கள் பதிவு செய்கின்றனவா என்று செல்போனில் பார்ப்பது வழக்கம். கேட் கேமராவைப் பின்னால் ஓட்டினேன். திரையில் அவர் நின்றிருந்தார். ஒரு கையில் என் செல்போன், இன்னொரு கையில் அவருடையது. என் செல்போனில் எண்கள் இருந்த திரையைத் தன்னுடையதால் படம் பிடித்தார். கட்டை விரலால் தள்ளினார், மறுபடி படம் பிடித்தார். பதறாமல், டீ குடித்த மாதிரியே செய்தார். நான் மாட்டிய கேமரா அவ்வளவு தெளிவாகக் காட்டியது.

பெயிண்டரைக் கூப்பிட்டேன். எடுத்தான்.

"சொல்லுங்கண்ணா. நானே கூப்புடலாம்னு இருந்தேன், கடையில வேலை." குரலில் பயம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. "மத்தியானம் ஒரு ஆர்டர் வந்துச்சுங்கண்ணா. கண்ணீர் அஞ்சலி போர்டு, பத்துக்கு எட்டு. நம்ம ஊர்ப் பேச்சாட்டவே இருந்துச்சு. போட்டோவ நேர்ல கொண்டாந்து தாராங்களாம். கடை எங்கன்னு கேட்டாங்க, லொகேஷன் அனுப்பியுட்டனுங்க."

நான் கத்தியதில் டீக்கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடையை அப்படியே போட்டுவிட்டுப் போ, பிள்ளைகளைப் பள்ளியில் இருந்து கூட்டிக்கொள், போலீஸ் ஸ்டேஷனுக்குள் போய் உட்கார் என்றேன். மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "பெரியவளுக்கு நாளைக்குப் பரீட்சைங்கண்ணா" என்றான். அப்புறம், "உங்க மூலமாத்தானுங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வைத்துவிட்டான். அன்று மாலையோடு அந்த எண் அணைந்துபோனது.

அதற்குப் பிறகு ஒரு பொங்கல் வந்து போய்விட்டது. போன் வரவில்லை. அந்த மூன்று விநாடி மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம் என் அக்கா மகளே எனக்கு அனுப்பியிருந்தாள், இவங்க இப்ப எங்கே மாமா என்று கேட்டு. எனக்குத் தெரியாது என்று எழுதினேன். இந்தத் தடவை அது பொய் இல்லை.

எனக்கு வருகிற போன் வேறு ஒன்று. மாதம் பிறந்து முதல் வாரத்துக்குள் அவளுடைய அண்ணன் கூப்பிடுவார். கேட் கேமராவில் பூச்சி கூடு கட்டிவிட்டது, படம் மங்கலாக இருக்கிறது என்று ஏதாவது சொல்வார். வைப்பதற்கு முன்னால் மறக்காமல் கேட்பார்.

"பெயிண்டருக்குப் புது நம்பர் ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

முதல் தடவை இல்லீங்க என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இரண்டு மூன்று மாதம் போனபிறகுதான் புரிந்தது. அவர் இன்னும் தேடுகிறார் என்றால் அவர்கள் இன்னும் கிடைக்கவில்லை. அவர்கள் உயிரோடு இருப்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி அந்த மனிதரின் போன்தான். அதனால் மாதம் பிறந்தால் அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். மணி அடித்ததும் பாய்ந்து எடுக்கிறேன். மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

இன்று தேதி பதினேழு. இந்த மாதம் அவர் இன்னும் கூப்பிடவில்லை.