மான்களுக்காக நான் பேசிய டொச்

எங்கள் ஊர் மான்களைக் காப்பாற்றியது நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைப்பட்ட காலம் ஒன்று இருந்தது, அப்போது எனக்குப் பத்து வயது.

ஜெர்மனியில், எசன் நகரத்திலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம் போனால் வருகிற சின்ன ஊர். ஊர் முடிகிற இடத்தில் அகதிகளைத் தங்கவைக்கும் விடுதி, ஹைம் என்போம், அதைத் தாண்டினால் வயல்வெளி. ஹைமில் ஓர் அறையில் அம்மா, அப்பா, நான். அடுத்த அறையில் அம்மாவின் தம்பி. மாமா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அகதித் தஞ்சம் கேட்ட அவருடைய அசூல் கேஸ் முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. வன்னியில் கடை வைத்திருந்தவர், இயக்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர் என்று முதல் விசாரணையில் சொல்லிக் கையெழுத்தும் வைத்திருந்தார். எனக்கும் அவரைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். பேச்சுக் குறைந்த மனுசன், என்னைக் கண்டால் மட்டும் பகிடி விடுவார்.

டாக்டரிடம், பள்ளிக்கூடத்தில், அரசாங்கக் கந்தோரில், எங்கே போனாலும் எங்கள் வீட்டுக்கு நான்தான் வாய். நான் டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், பேசுவேன், பெரியவர்கள் மூன்று பேரும் எனக்குப் பின்னால் கைகட்டி நிற்பார்கள். அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு அவ்வளவு அதிகாரம் கிடைத்தால் தலைகால் புரியுமா? எனக்குப் புரியவில்லை.

குளிர் தொடங்கியதும் அந்த வயலுக்கு வேட்டைக்காரர்கள் வருவார்கள். வீடுகள் பக்கத்தில் இருந்தபடியால் அங்கே சின்னச் சன்னங்களைச் சிதறவிடும் சொட்கன் மட்டும்தான் அனுமதி. முயல், காட்டுக்கோழி, அவ்வளவோடு சரி. சில நாட்களில் அந்தச் சன்னங்கள் எங்கள் கூரையில் பொலபொலவென்று விழும், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. மானைச் சொட்கன்னால் சுடச் சட்டம் விடாது, அதற்கு ரைபிள் வேண்டும். ஆகவே மான்கள் எங்கள் ஜன்னலுக்கு முன்னாலேயே வந்து பயிரை மேய்ந்துவிட்டுப் போயின. விவசாயிகளுக்கு வயிற்றெரிச்சல். அங்கே வேட்டையாடும் உரிமையை எடுத்திருந்த குத்தகைக்காரர், ஊரில் மரம் அரியும் பெரிய மரக்காலை வைத்திருந்தவர், இனி அந்த வயலிலும் ரைபிளுக்கு இடம் தரவேண்டும் என்று கேட்டார். நிலச் சொந்தக்காரர்கள் கூடி முடிவெடுக்க ஒரு சனிக்கிழமை பின்னேரம் கூட்டம் வைத்தார்கள். வயலோரம் இருப்பவர்களும் வந்து பேசலாம் என்று ஹைம் கதவில் கடதாசி ஒட்டியிருந்தது. அதை வாசித்துச் சொன்னதும் நான்தான். பேசாமல் இருந்திருக்கலாம்.

எங்களுக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை என்று அம்மா மறித்தார். மாமா கேட்கவில்லை.

“பிள்ளையின்ர கட்டில் ஜன்னலோரம் கிடக்கு, அக்கா,” என்றார்.

கூட்டத்தில் குத்தகைக்காரர் ஒரு படத்தை மாட்டி விளக்கினார். சுடுகிறவர் உயரத்தில் பரண் போட்டு உட்கார்ந்திருப்பார், குண்டு கீழ்நோக்கித்தான் போகும், போய் மண்ணுக்குள் புதைந்துவிடும், ஒருவரும் பயப்படத் தேவையில்லை. பலர் தலையாட்டினார்கள். மாமா எழும்பி என் தோளில் கை வைத்தார். குளிருக்கு நிலம் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும், குண்டு பட்டால் உள்ளே போகாது, தெறித்து எழும்பி எந்தப் பக்கம் போகும் என்று சுட்டவனுக்கே தெரியாது என்றார். நான் அதைச் சொன்னதும் மண்டபத்தில் சலசலப்பு. குத்தகைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, உன் மாமாவுக்கு இதெல்லாம் யார் படிப்பித்தது என்று கேட்டார். பின்வரிசையிலும் சிரித்தார்கள்.

கேள்வியை மாமாவிடம் சொன்னேன். அவர் கதிரையில் உட்கார்ந்து, நிலத்தைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: “எனக்குப் பக்கத்தில படுத்திருந்த பெடியன் அப்பிடித் தெறிச்ச குண்டிலதான் போனவன். ரெண்டு வருசம் உந்த ரைபிளைத் தோளில சுமந்தனான். எனக்குத் தெரியாதே?”

அவர் அதை எனக்குச் சொன்னார். மண்டபத்துக்குச் சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு எங்கே தெரிந்தது! என்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான். எழும்பி நின்று, என் மாமா போரில் இரண்டு வருடம் ரைபிள் சுமந்தவர், அவர் பக்கத்தில் ஒரு பெடியன் அப்படித்தான் செத்தான் என்று உரத்துச் சொன்னேன். அதன்பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. வாக்கெடுப்பில் குத்தகைக்காரர் தோற்றார். கிழவி ஒருத்தி வந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

செவ்வாய்க்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் மாமாவும் நானும். முன்னாள் போராளி ரைபிளை எதிர்க்கிறார் என்று தலைப்பு. வகுப்பில் டீச்சர் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். வீட்டில் நான் வாசித்துக் காட்டியபோது அம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஏதாவது விளங்கியிருக்கும்.

இரண்டு மாதத்தில் அசூல் கந்தோரிலிருந்து மாமாவுக்குக் கடிதம் வந்தது. பத்திரிகைத் துண்டின் பிரதியும் அதற்குள் இருந்தது. முதல் விசாரணையில் சொன்னது பொய்யா என்று கேட்டிருந்தார்கள். தப்ப ஒரே ஒரு வழிதான் உண்டு என்றார் மாமாவின் லோயர். பிள்ளை பிழையாக மொழிபெயர்த்துவிட்டது, மாமா சொன்னது வேறு யாரையோ பற்றி என்று சொல்ல வேண்டும், அதைப் பிள்ளையே வந்து சொன்னால் நல்லது. அம்மா மூன்று நாள் என்னைப் பக்கத்தில் இருத்திச் சொல்லித் தந்தார். “எனக்கு வடிவா விளங்கேல்லை எண்டு மட்டும் சொல்லு குஞ்சு. வேற ஒண்டும் வேண்டாம்.” நானும் ஓம் ஓம் என்றேன்.

கந்தோருக்கு அம்மாவும் மாமாவும் என்னோடு வந்தார்கள். அங்கே இருந்த பெண் அதிகாரி நல்லவிதமாகத்தான் பேசினார். எனக்கு ஆப்பிள் ஜூஸ் தந்தார். அந்த நேரம் உனக்கு டொச் அவ்வளவு தெரியாதாமே, மாமா சொன்னதைப் பிழையாகச் சொல்லிவிட்டாயாமே என்று கேட்டார். எனக்குச் சுரீர் என்றது. டொச்சில் வகுப்பிலேயே கூடின புள்ளி எனக்கு. டொச் பிள்ளைகளுக்கே நான் பிழை திருத்திக் கொடுப்பேன். ஊருக்கு முன்னால் பேசி வென்றவள், பத்திரிகையில் வந்தவள். என்னைப் போய் டொச் தெரியாதவள் என்பதா?

“நான் பிழை விடவில்லை,” என்றேன். “மாமா சொன்னதைத்தான் சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை.”

அடுத்த வருடம் மாமாவைத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. அம்மா இதுவரை ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. பிள்ளைதானே என்பார். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரியும். பிள்ளை என்று தெரிந்துகொண்டுதானே ஒரு மனுசனின் உயிரை என் நாக்கில் வைத்தீர்கள் என்று கத்த வேண்டும் போல இருக்கும். கத்தினதில்லை.

அன்று அந்த அதிகாரி பைலை மூடிவிட்டு, எவ்வளவு அழகாக டொச் பேசுகிறாய் என்று என்னைப் பாராட்டினார். அங்கே இருந்த மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கும் முன்னமே நான் திரும்பி, “மாமா, என்ர டொச் நல்ல வடிவாம்,” என்றேன்.

“ஓம் பிள்ளை, வடிவுதான்,” என்றார் மாமா.

அம்மா மட்டும் ஏன் அதற்குச் சந்தோசப்படவில்லை என்று பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.