எப்போ திரும்பிப் போறீங்க?

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே அந்தக் கேள்வி வந்துவிடும். பெட்டிகளை வண்டியில் ஏற்றியிருக்கக்கூட மாட்டோம். மாலை போட்டு, கூட்டமாக நின்று போட்டோ எடுத்து, "ஸ்தோத்திரம் சிஸ்டர், எப்போ திரும்பிப் போறீங்க?" என்பார்கள். பூனாவில் உள்ள எங்கள் தமிழ்ச் சபையார் அன்பில் குறை வைக்கிறவர்கள் இல்லை. மிஷனரியை அனுப்பிவைக்க அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மிஷனரி ஊரோடு இருப்பதுதான் ஆகாது.

நானும் என் கணவரும் பத்துப் பன்னிரண்டு வருஷமாக மலாவியில் ஒரு சிற்றூரில் இருந்தோம். அவர் வாரநாட்களில் கணக்கு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கியார். நான் பிரசவ வார்டில் நர்ஸ். எங்கள் மகள் அங்கேயே வளர்ந்தவள். தமிழ் வாசிக்கத் தெரியாது, திட்டினால் மட்டும் நன்றாகப் புரியும். சில வருஷங்களுக்கு ஒருமுறை விடுப்பில் பூனா வருவோம். விடுப்பு என்று பேர்தான். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வீட்டில் பிரியாணி, ஒரு வீட்டில் படக்காட்சி. பிம்ப்ரியில் சாப்பிட்டு முடித்து, விமான் நகரில் போய் இன்னொரு முறை பசித்தவர்கள் மாதிரி உட்கார வேண்டும்.

முதல் விடுப்பில் என் கணவர் அப்பாவியாக ஒரு காரியம் செய்தார். மலாவியில் எங்கள் வீட்டுச் சமையலறையைப் படத்தில் காட்டிவிட்டார். அதில் ஃபிரிட்ஜ் இருந்தது. பக்கத்து ஊர் குஜராத்திக்காரர் கடையில் துவரம்பருப்பும் பெருங்காயமும் கிடைக்கும் என்று வேறு உற்சாகமாகச் சொன்னார். சபையில் எல்லோர் முகமும் சுண்டிப்போயிற்று. கமிட்டிக்காரர் ஒருவர் அவரைத் தனியாக அழைத்து, அந்த ஃபிரிட்ஜ் படம் வேண்டாம் பிரதர், ஜனங்களுக்குப் பாரம் வராது, காணிக்கையும் வராது என்று பக்குவமாகச் சொன்னார். அடுத்த தடவை காற்றில் கூரை பறந்த பள்ளிக்கூடத்தைக் காட்டினோம். நல்ல பாரம் வந்தது. அந்தக் கூரையை மறுவாரமே வேய்ந்தாயிற்று என்பதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மகளை "அந்த பாஷையில" ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள். ஒரு தடவை அவளும் பாடினாள். முன்வரிசைப் பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். ஒருவர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினார். வீட்டுக்கு வந்தபின்தான் அவள் சொன்னாள், அது சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த பாட்டு. பக்திப் பாட்டு எதுவும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லையாம்.

கிளம்பும்போது பொருட்கள் வரும். ஐ.டி. வேலையில் இருக்கும் ஒரு குடும்பம் ஜாடி இல்லாத மிக்ஸி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தது. ஆப்பிரிக்காவில் யாருக்காவது உபயோகப்படும் என்றார்கள். ஜாடி இல்லாமல் மிக்ஸியை என்ன செய்வது என்று ஆப்பிரிக்காவில் கண்டுபிடித்திருப்பார்கள் என நினைத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். கடக்க முடியாதது ஒன்று இருந்தது. என் அப்பா.

அப்பா ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளச் சத்தம் கேட்காத வீட்டில் தனக்குத் தூக்கம் வராது என்று, பூனாவிலேயே கோர்படியில் ரயில்வே காலனியை ஒட்டி ஒரு சின்ன ஃபிளாட் வாங்கினார். திருநெல்வேலித் தமிழ் பேசி, மராத்தியில் பேரம் பேசி, இந்தியில் கோபப்படுகிறவர். நான் ஒரே பிள்ளை. அம்மா இறந்தபோது எனக்குப் பயணச்சீட்டு கிடைத்து வந்து சேர வழியில்லை. அடக்கத்தைப் போனில் பார்த்தேன். குழிக்குள் இறக்கும்போது படம் உறைந்து நின்றுவிட்டது. மறுபடி வந்தபோது எல்லோரும் கையில் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த விடுப்பில் சபையார் அதை ஒரு பாக்கியமான தியாகம் என்று சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவரையாவது அறையவேண்டும் என்று எனக்கு இருந்தது. ஸ்தோத்திரம் என்று சொல்லி வைத்தேன்.

இந்த முறை வந்தபோது அப்பா வாக்கர் பிடித்து நடந்தார். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. எங்களுக்குச் சொல்லவேயில்லை. எதிர்வீட்டு மராத்திக்கார அம்மா சத்தம் கேட்டு, ஆள் சேர்த்துக் கதவை உடைத்துத் தூக்கியிருக்கிறார். இப்போதும் அவர்தான் மத்தியானத்துக்குச் சப்பாத்தியும் காய் பாஜியும் கொடுத்தனுப்புகிறார். உடைத்த கதவில் புதுத் தாழ்ப்பாள் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்த அன்றே நான் முடிவு செய்துவிட்டேன், இனி போகக்கூடாது.

கணவரிடம் சொன்னேன். அவருக்குப் பள்ளிக்கூடத்தை விட மனசில்லை. இரண்டு நாள் கழித்து அவராகவே எங்களை அனுப்பிய ஊழியச் சங்கத்தில் போய் விசாரித்தார். புதிதாக ஊழியக் களத்துக்குப் போகிறவர்களைப் பூனாவில் பயிற்றுவிக்க ஆள் தேவைப்படுகிறது, ஆனால் பணம் அனுப்பி எங்களைத் தாங்குகிற சபை சம்மதிக்க வேண்டும் என்றார்கள். ஆக, நான் அப்பாவோடு இருப்பதும் இல்லாததும் எங்கள் சபைக் கமிட்டியின் கையில்.

அப்பாவிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். அவர் செய்தித்தாளை இறக்கவில்லை. "கர்த்தர் கூப்பிட்ட வேலையை விட்டுட்டு என் முதுகத் தேய்க்கவா வரப்போற?" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு ஸ்தோத்திரப் பண்டிகையிலும் எழுந்து நின்று, என் மகளை ஊழியத்தில் நிலைநிறுத்தும்படி ஜெபியுங்கள் என்று கேட்கிற மனுஷர் அவர். மிஷனரியின் தகப்பன் என்று அவருக்கு முன்வரிசையில் ஓர் இடமே உண்டு.

அதற்குப் பிறகுதான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். எங்கள் சபையில் யாரும் புறம் பேசமாட்டார்கள். ஜெபக் குறிப்பு கொடுப்பார்கள். யார் வீட்டுப் பையன் யாரோடு பைக்கில் போனான் என்பதெல்லாம் பாரத்தோடு, கண்களை மூடி, ஆண்டவரிடம்தான் சொல்லப்படும். பக்கத்தில் இருப்பவர் காதில் விழுந்தால் அதற்கு ஜெபிக்கிறவர் பொறுப்பல்ல. இது தெரிந்தே, பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் அக்காவிடம், மனசில் வைத்து ஜெபியுங்கள், நாங்கள் இங்கேயே இருந்துவிட யோசிக்கிறோம் என்று சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துக் கண்கலங்கினார். புதன்கிழமைக்குள் வாட்ஸாப் குழு முழுவதும் கண்கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போதகர் பீடத்தில் நின்று, நம் மிஷனரி குடும்பத்தைச் சத்துரு சோர்வின் ஆவியால் தாக்குகிறான் என்றார். அந்தச் சத்துரு எங்கள் பக்கத்தில்தான் வாக்கரோடு உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் உபவாச ஜெபம் அறிவிக்கப்பட்டது. நாங்கள் மனம் தளராமல் களத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது குறிப்பு. என்னை ஊரைவிட்டு அனுப்ப ஒரு சபையே பட்டினி கிடக்கப் போகிறது. இவ்வளவு அன்பை நான் எங்குமே கண்டதில்லை.

மூன்றாம் நாள் கூட்டம் நாங்கள் தங்கியிருந்த அப்பா வீட்டில். சனிக்கிழமை முற்பகல். கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் பாய் விரித்தோம். போதகர், கமிட்டிக்காரர்கள், சங்கத்துப் பெண்கள் எல்லாம் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்பா மட்டும் நாற்காலியில். முதலில் செயலாளர் அக்கா ஜெபித்தார். கலப்பையில் கை வைத்தவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதை ஆண்டவருக்கு நினைவூட்டினார். அடுத்தவர், தாய் தகப்பனை விட்டு வருகிறவர்களுக்கு நூறத்தனை பலன் உண்டு என்றார். அவருடைய பையன் விமான் நகரில் அவரோடுதான் இருக்கிறான், மாடிப்போர்ஷனில். எனக்கு ஆத்திரத்தில் காது அடைத்தது. கணவர் என் முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மகள் கதவோரம் நின்று தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் போதகர், அப்பா ஜெபித்து முடிக்கட்டும் என்றார்.

எங்கள் கூட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. ஜெபிக்கிறவர் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் மற்றவர்கள் எல்லாம் சேர்ந்து ஆமென் சொல்வார்கள். வார்த்தைகளை யாரும் பார்ப்பதில்லை. இடைவெளி விழுந்தால் ஆமென் விழும்.

"ஆண்டவரே, இந்த வேளைக்காக ஸ்தோத்திரம்," என்று அப்பா தொடங்கினார். "நான் வருஷாவருஷம் சபையில எந்திரிச்சு நின்னு, எம் மவள ஊழியத்துல நிலைநிறுத்தும்னு கேட்டேன்."

"ஆமென்."

"வீட்டுக்கு வந்து கதவச் சாத்திக்கிட்டு, சபையில கேட்டத எடுத்துக்கிடாதேயும் ஆண்டவரே, அவள இங்க அனுப்பிரும்னு கேட்டேன்."

"ஆமென்."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். மற்ற எல்லோர் கண்ணும் மூடித்தான் இருந்தது.

"எது நெசம்னு உமக்குத் தெரியும். இவ அம்மா போயிட்டா. எனக்குப் பயமா இருக்கு ஆண்டவரே. குளிக்கப் போவவே பயமா இருக்கு. இங்க வந்திருக்கவங்க எல்லாரும் பிள்ளைகளப் பக்கத்துல வச்சிருக்காவ. எம் பிள்ள எனக்கு வேணும். இயேசுவின் நாமத்துல கேக்குதேன் பிதாவே."

"ஆமென்" என்றது சபை. செயலாளர் அக்காவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

அதன்பிறகு ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். என்ன சொன்னோம் என்பது ஒவ்வொரு முகத்திலும் மெதுவாக உறைத்தது. போதகர் வேதாகமத்தைத் திறந்து, மூடி, கண்ணாடியைத் துடைத்தார். சொன்ன ஆமெனை வாபஸ் வாங்க எங்கள் சபைச் சட்டத்தில் வழியில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். அதைச் சோர்வின் ஆவி என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

அப்பாதான் பேசினார். "டீ போடுட்டி. எல்லாரும் வயித்தக் காயப்போட்டுக் கிடக்காவ."

கமிட்டி எப்போது கூடியது, என்ன பேசியது என்று எனக்குத் தெரியாது. மறு ஞாயிறு போதகர் பீடத்தில் நின்று, உபவாச ஜெபத்துக்கு அற்புதமான பதில் கிடைத்தது என்றும், கர்த்தர் நம் மிஷனரி குடும்பத்துக்குப் புதிய ஊழியக் களத்தைத் திறந்திருக்கிறார் என்றும் அறிவித்தார். களம் கோர்படி. எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா வாக்கரைப் பிடித்து எழுந்து நின்று, என் மகளை இந்த ஊழியத்தில் நிலைநிறுத்தும்படி ஜெபியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போய் அதை அவர் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.