கலேவெல பஸ்ஸில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல்

பஸ் கண்டக்டர் வேலை என்பது, பின்கதவில் தொங்கிக்கொண்டு ‘முன்னால போங்க’ என்று கத்துகிற வேலை. தனியார் பஸ்ஸில் அரைப் படம் பார்த்துவிட்டு, மீதி தெரியாமல் தூக்கம் கெட்டுப்போன என் இனத்தாரே, இந்த அவஸ்தை உங்களுக்குத்தான் புரியும்.

அரைப் படம்

எங்கள் பஸ் மாத்தளையிலிருந்து கலேவெலவுக்கு ஓடுகிறது. டிரைவர் சுனில் அண்ணன் (என்னை ‘மல்லி’ என்பார், சிங்களத்தில் தம்பி) எங்கிருந்தோ ஒரு இங்கிலீஷ் படத்தை பென் டிரைவில் கொண்டுவந்து பஸ் டீவியில் செருகினார். யுத்த காலத்து நீர்மூழ்கிக் கப்பல் கதை. மேலே எதிரி குண்டு போடுகிறான். கப்பல் அடிபட்டுக் கடலின் அடியில் போய்ப் படுத்துவிடுகிறது. உள்ளே முப்பது பேர். காற்றுக் குறைகிறது, பேட்டரி இறங்குகிறது. பேசினால் மேலே கேட்டுவிடும் என்று கண்ணாலேயே ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்கிறார்கள். சரியாக அந்த இடத்தில் கலேவெல வந்துவிடும்.

ரிமோட் தொலைந்து ஒரு வருஷம். அதனால் ஒவ்வொரு பயணத்திலும் படம் முதலிலிருந்துதான் தொடங்கும். கீழே ஓடுகிற சிங்கள எழுத்தைப் படித்து நான் தமிழில் கதை சொல்வேன். முடிவு மட்டும் எனக்கும் தெரியாது. ‘வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாத்துட்டு வாங்களேன்ணே’ என்று கெஞ்சினேன். மனைவி பார்க்கிற நாடகங்களை நினைத்து அவர் பெருமூச்சு விட்டார்: “வீட்டு டீவிக்கு நான் டிரைவர் இல்ல மல்லி.”

மாஸ்டர் இறங்கவில்லை

பிரான்சிஸ் மாஸ்டர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கலேவெலவுக்குக் கொஞ்சம் முந்தி, வஹகோட்டையில் சேர்ச்சுக்கு முன்னால் இறங்க வேண்டியவர். அன்றைக்கு மணி அடித்து பஸ்ஸை நிறுத்தினேன். மாஸ்டர் அசையவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காற்றை மிச்சம் பிடிக்கிறாராம். தோளைத் தொட்டேன். உதட்டில் விரலை வைத்து என்னை அதட்டினார்.

பஸ் கிளம்பியதும் அவருடைய போன் அடித்தது. சோறு ஆறிப்போகிறது என்று அவர் மனைவி போட்ட சத்தம் பின்கதவில் நின்ற எனக்கே கேட்டது. மாஸ்டர் போனைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார்: “மெதுவா பேசு ரீட்டா, மேல எதிரிக் கப்பல் நிக்குது.”

பரீதா ராத்தாவின் கேள்வி

பரீதா ராத்தா (முஸ்லிம் அக்காமாரை நாங்கள் ராத்தா என்போம்) மாத்தளைக்காரர். வியாழக்கிழமைதோறும் கலேவெலயில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போவார். அவருடைய மகன் ரிஸ்வானுக்குச் சரக்குக் கப்பலில், எஞ்சின் அறையில் வேலை. கப்பல் போயிருந்ததோ குண்டு விழுகிற கடல். மூன்று வாரமாகப் போன் இல்லை. ராத்தா யாரிடமும் புலம்பவில்லை; படத்தை மட்டும் கண் கொட்டாமல் பார்ப்பார். இறங்கும்போது ஒவ்வொரு தடவையும், ‘அந்தப் புள்ளைகள் மேல வந்துட்டாங்களா தம்பி?’ என்று கேட்பார்.

ஒரு வியாழன் எனக்கு மனசு கேட்கவில்லை. ‘வந்துட்டாங்க ராத்தா, எல்லாரும்’ என்றேன். ‘நீ பாத்தியா?’ என்றார். நான் டிக்கெட் மெஷினைப் பார்த்தேன். வெட்கமாகப் போய்விட்டது. ராத்தா கோபப்படவில்லை: “பாக்காம சொல்ற ஆறுதல்தான் தம்பி, எங்கட ஊட்டுல மூணு கெழமயா நெறஞ்சி கெடக்கு.”

பேட்டரி

அடுத்த வியாழன் மத்தியானம் நல்ல மழை. வஹகோட்டையைத் தாண்டினோம். மாஸ்டர் இறங்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? ஒரு வளைவில் ரோட்டுக்குக் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது. கண்ணாடிகள் எல்லாம் சாத்தி, உள்ளே ஒரே புழுக்கம். சுனில் அண்ணன் எஞ்சினை நிறுத்தினார். டீவியில் கப்பல் கடலடியில் கிடந்தது. ‘பழைய பேட்டரி. டீவி ஓடினா பஸ் ஸ்டார்ட் ஆகாது’ என்று பட்டனில் கை வைத்தார். நாற்பது பேரும் தமிழிலும் சிங்களத்திலும் வேண்டாம் என்று கத்தினார்கள்.

மாஸ்டர் எழுந்து நின்று கப்பல் தலைவராகிவிட்டார். லைட் அணைந்தது, ஃபேன் நின்றது. முன்னால் புத்தருக்கும் பிள்ளையாருக்கும் மாதாவுக்கும் மினுங்கிய பல்புகளையும் மன்னிப்புக் கேட்டுவிட்டு அணைத்தேன். படத்தில் தலைவர் விளக்குகளை அணைக்கச் சொன்னபோது நாங்கள் ஏற்கனவே இருட்டில் இருந்தோம். மிச்சமிருந்த கடைசிப் பேட்டரியில் அவர்கள் மோட்டாரை முடுக்கினார்கள். மூன்றாவது தடவை அது ஓடியது. கப்பல் மேலே, மேலே வந்தது. மூடி திறந்தது. எண்ணெய் படிந்த முகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து வெயிலைப் பார்த்தன. ராத்தா விரல் விட்டு எண்ணினார். முப்பதாவது ஆள் வெளியே வரவும் டீவி செத்தது. விசில், கைதட்டல், கூச்சல்! நான் யாரைக் கட்டிப்பிடித்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

மரத்தை வெட்டி வழி விட்டார்கள். பேட்டரியில்தான் உயிர் இல்லை. எல்லாரும் மழையில் இறங்கினோம். ராத்தா குடையை மடக்கிவிட்டு பஸ்ஸின் முதுகில் கை வைத்தார்: “கடலுக்கு அடில இருந்தே வந்துட்டாங்க, நாங்க கலேவெலக்குப் போக மாட்டமா? தள்ளுங்க வாப்பா!”

ஒரு போன்

அதற்கடுத்த வியாழன், பலாபத்வலயைத் தாண்டும்போது ராத்தாவின் போன் அடித்தது. ரிஸ்வான்! கப்பல் பத்திரமாகத் துறைமுகத்துக்கு வந்துவிட்டதாம். சுனில் அண்ணன் டீவியை அணைத்தார். பஸ் முழுவதும் காதாக இருந்தது. ராத்தாவுக்குக் கண்ணீர் கொட்டியது, வாய் மட்டும் ஓயவில்லை: “அவங்க கடலுக்கு அடில கெடந்துக்கிட்டும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்கடா, ஒனக்கு மேல மெதந்துக்கிட்டே ஒரு போன் எடுக்க ஏலாதா?”

இப்படியாக, கடலடியில் கிடந்த முப்பது பேரையும் மேலே கொண்டுவந்துவிட்டோம்; பிரான்சிஸ் மாஸ்டரை வஹகோட்டையில் இறக்கத்தான் இன்னும் முடியவில்லை.