மூக்கில்லாத அந்தோனியார்

தங்கச்சியின் மகள் லண்டனில் ஹவுன்ஸ்லோவுக்கு அப்பால் ஃபிளாட் வாங்கிவிட்டாள். "சனிக்கிழமை பால் காய்ச்சிறம் மாமா, கட்டாயம் வாங்கோ" என்றாள். பிளாஸ்டிக் போத்தல் பாலோடு போய் இறங்கினேன். லிஃப்டுக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில்லாத ஒரு கல்முகம். அப்படியே நின்றுவிட்டேன். அதோடு நான் மூன்று வருடம் பழகியிருக்கிறேன்.

லண்டன் வந்த புதிதில் எனக்கு வேலை தந்த பால்பண்ணை இருந்த இடம் அது. பண்ணைக்கும் முன்னால், பல நூறு வருடங்களுக்கு முன், அங்கே துறவிகளின் மடம். அவர்களும் மாடு வளர்த்தவர்கள்தானாம். அரசன் ஒருவன் மடத்தைக் கலைத்து இடிக்க, விழுந்த கல்லில் யாரோ மாட்டுக்கொட்டில் கட்டினார்கள். பண்ணைக்காரி மார்கரெட் இந்தக் கதையை வாரம் ஒரு முறையாவது சொல்வார். கொட்டில் சுவரில் பதித்திருந்த அந்த முகத்தின் மூக்கை உடைத்தது அரசனின் ஆட்கள் என்பார். எனக்கு மாடுகள் மேல்தான் சந்தேகம். கறக்க வரும் ஒவ்வொன்றும் அதில் கழுத்தைத் தேய்த்துவிட்டுத்தான் நகரும். சாணமும் புளித்த புல்லும் கலந்த அந்த வாசம் ஜாக்கெட்டில் ஏறினால், பஸ்ஸில் பக்கத்து இருக்கையும் எனக்கே.

மன்னார்க் கத்தோலிக்கன் நான், சும்மா இருப்பேனா? முதல் நாளே அது அந்தோனியார் என்று முடிவு கட்டிக் கும்பிட்டேன். கூட வேலை செய்த சேவியர் அண்ணை சிரித்தார். "உது அந்தோனியார் இல்லையடா. கூரைத் தண்ணி விழுற பீலி வாய்."

யாராயிருந்தால் என்ன, கேட்கக் காது இருந்தது.

பிறகு மாடுகளுக்குக் காசநோய்ச் சோதனை வந்தது. கழுத்தில் ஊசி போட்டுவிட்டுப் போவார்கள். மூன்றாம் நாள் வந்து தடிப்பை அளப்பார்கள். தடித்தால் கொலைதான். மந்தை தப்பினால் ஒரு பெட்டி மெழுகுதிரி என்று அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தேன். அளந்தவர் எழுதிக்கொண்டே போனார். மந்தையில் பாதிக்கு மேல் போயிற்று. அடுத்த சோதனையில் மிச்சமும்.

கடைசி லொறி போன பிறகு மார்கரெட் வெறும் கொட்டிலைக் கழுவினார். குழாயை வாங்கப் போனேன், தரவில்லை. துறவிகளையும் இப்படி ஒரு காலையில்தான் வெளியேற்றினார்கள் என்று மட்டும் சொன்னார்.

மேலே புது ஃபிளாட்டில் மின்னடுப்பில் பால் பொங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் குனிந்து மணந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை.

திரும்பும்போது கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே இருந்த பலகையை வாசித்தேன். மடம், துறவிகள், அரசன் எல்லாம் இருந்தது. மூக்கை உடைத்தது அரசனின் ஆட்களாம். மாடுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.