நான் சுருதி பிடித்த கச்சேரி

போன கிழமை தொண்டை கட்டிப்போய் மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் சால்பை என்ற மூலிகையின் இலைச்சாறு போட்ட இனிப்பு ஒரு பெட்டி எடுத்துத் தந்தாள். வெளியே வந்து ஒன்றை வாயில் போட்டேன். அவ்வளவுதான், டோர்ட்மண்டின் அந்தக் குளிர் தெருவில், பஸ் தரிப்பில் நின்றபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற கிழவர் கைக்குட்டை நீட்டினார். தடிமன் என்று நினைத்திருப்பார்.

அந்த மணம் எனக்குப் பாட்டுக்காரரின் மணம். இரண்டாயிரத்து ஏழு, எட்டாம் ஆண்டுகளில் எங்கள் பகுதித் தேவாலயத்து மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பழைய சங்கீதம் பழக்குவார்கள். பழைய பாட்டு என்று நாங்கள் வானொலியில் கேட்போமே, அந்தப் பழசு இல்லை. பியானோ என்ற சாமான் பிறப்பதற்கு முந்திய பழசு. யாத்திரை போனவர்கள் வழியில் பாடிய பாட்டுகளாம். பல் வைத்தியர் ஒருவர், தபால் கொண்டுவரும் பெண் ஒருத்தி, ஓய்வுபெற்ற வாத்திமார் சிலர் என்று எல்லோரும் ஈரக் கம்பளிச் சட்டையோடு வந்து குந்துவார்கள். எல்லோர் வாயிலும் அந்த இனிப்பு உருளும்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று கேட்பீர்கள். எல்லாம் ஊர்சுலாவின் வேலை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு வேலை செய்தவள். கிழங்கு உரிக்கும்போது நான் தேவாரம் முணுமுணுப்பேன். பள்ளிக்கூடத்தில் பண்ணோடு பாடிப் பரிசு வாங்கியவள் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. அதைக் கேட்டுவிட்டு அவள் ஒருநாள் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பழக்கியவர் பிரான்ட் அம்மையார். ஒல்லியானவர், சிடுசிடுப்பு அதிகம். முதல்நாள் நான் வாயைத் திறந்து, எங்கள் வழக்கப்படி ஒரு அசைவு கொடுத்து இழுத்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். "கெராடே" என்றார். நேராக என்று அர்த்தம். திரும்பப் பாடினேன். திரும்பவும் "கெராடே". கமகம் என்பது என் தொண்டையோடு கூடப் பிறந்தது, அதை எங்கே கொண்டுபோய்க் கழற்றி வைப்பது? இரண்டு மாதம் முக்கிப் பார்த்தும் மெட்டுப் பாட வரவில்லை. ஆனால் மூச்சை நீளப் பிடிக்க என்னைப்போல அங்கே ஆளில்லை என்பதை அம்மையார் கண்டுபிடித்துவிட்டார். மற்றவர்கள் மேலே பாட, கீழே ஒரே சுரத்தை விடாமல் பிடிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. தம்புராவின் உத்தியோகம்.

அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். என் அக்கா எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். அத்தானை இழந்தபிறகு அரைவாசி நேரம் எங்கள் வீட்டில்தான்.

"என்ன பாடுறாய், சொல்லன் பாப்பம்."

"ஆ."

"பிறகு?"

"அவ்வளவுதான். ஆ."

"உந்த ஒரு ஆவுக்கோ சனிக்கிழமை முழுக்க மினக்கெடுறாய்? கண்டறியாத பாட்டு."

அவர்களுடைய வாத்தியங்களின் நரம்பு ஆட்டுக்குடலில் செய்தது என்று சொன்னபோது அக்கா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் அவற்றைத் தொடமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் பண்ண வேண்டியிருந்தது.

சிரிக்கிறேன், ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்த ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு வேறொன்றும் தெரியாது. வீட்டு வாடகை தெரியாது, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் வரச்சொல்லிக் குறித்துத் தந்த டெர்மின் தெரியாது. நான் சந்தோசமாக இருந்தேன். பிற்பாடு வன்னியில் சண்டை இறுகியபோதும் சந்தோசமாகவே இருந்தேன், அதுதான் என்னைத் தின்கிறது.

எங்கள் தம்பி அங்கே இருந்தான். எங்கள் மூவரில் கடைக்குட்டி. சண்டை நெருங்க நெருங்க அவனும் குடும்பமும் இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். பிறகு தொடர்பே அறுந்தது. செய்மதித் தொலைபேசி வைத்திருக்கும் யாரிடமாவது வரிசையில் நின்று ஒரு நிமிடம் பேசலாம் என்று மற்ற வீடுகளில் சொன்னார்கள். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது எங்கள் வீட்டு இலக்கம் ஒன்றுதான். ஆகவே வீட்டில் எப்போதும் ஒரு ஆள் நிற்போம். எங்கள் சனம் சனிக்கிழமைகளில் டூசல்டோர்ஃபில், சண்டையை நிறுத்தச் சொல்லி, செத்தவர்களின் படங்களைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் நின்றது. நானும் போய் நின்றேன். ஆனால் எல்லாச் சனியும் போகவில்லை. சில சனிகளில் மண்டபத்துக்குப் போய் ஆ என்று நின்றேன். என் கணவரிடம்கூட வேலை என்றுதான் சொன்னேன்.

இரண்டாயிரத்து ஒன்பது பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் கச்சேரி வைத்தார்கள். நான் போகிறதில்லை என்றே இருந்தேன். ஊரில் செத்துக்கொண்டிருக்கிறார்கள், இவள் பாட்டுக்குப் போகிறாளாம் என்று சனம் கதைக்கும் என்ற பயம் ஒரு பக்கம். எனக்கே கேவலமாக இருந்தது மறுபக்கம். அக்காதான் அலுமாரியைத் திறந்து கறுப்புப் பட்டுச்சேலையை எடுத்து நீட்டினார்.

"இதைக் கட்டிக்கொண்டு போட்டு வா."

"எப்பிடி அக்கா?"

"நீ வீட்டிலை குந்தியிருந்தா அங்கை ஆமிக்காரங்கள் செல்குண்டு அடிக்காமல் விடுவாங்களோ? போ. போன் வந்தா நான் எடுக்கிறன்."

போனேன். தேவாலயத்தில் பல்லுக் கிட்டும் குளிர். வாத்தியக்காரர்கள் விரல் வெட்டின கையுறை போட்டிருந்தார்கள். குளிருக்குக் குடல் நரம்பு இறங்கிப்போய், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் திரும்பத் திரும்பச் சுருதி கூட்டினார்கள். சனம் பொறுமையாக இருந்தது. என் முறை வந்தது. அன்றைக்கு மூச்சு எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஒருமுறையும் ஆடவில்லை. முடிந்ததும் பிரான்ட் அம்மையார் வந்து என் தோளில் கை வைத்தார். அந்த மனுசி ஒருவரையும் தொட்டுப் பேசாத மனுசி.

அந்தக் கை வைத்த கையோடு நான் வீட்டுக்குப் புறப்பட்டிருக்கவேண்டும். மண்டபத்தில் கோப்பியும் கேக்கும் வைத்திருந்தார்கள். செர்ரிப்பழக் கேக், பாப்பி விதை போட்ட கேக், எல்லாம் அவரவர் வீட்டில் சுட்டது. பல் வைத்தியர் ஒரு துண்டு வெட்டித் தந்தார். என் குரல் தேவாலயத்துச் சுவரில் இருந்து வருவதுபோல இருந்தது என்று சொன்னார். ஆரோ ஒருத்தி சேலையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். இன்னொரு துண்டு எடுத்தேன். பிறகும் நின்றேன். புகழ்ச்சி கேட்க யாருக்குக் கசக்கும், சொல்லுங்கள்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது அக்கா சப்பாத்துகள் வைக்கிற இடத்தில் நிலத்தில் இருந்தார்.

"தம்பி எடுத்தவன்."

"எப்ப?"

"இப்பத்தான். அரை மணித்தியாலம் இல்லை. உயிரோடை இருக்கிறானாம். பிள்ளையள் இருக்கினமாம். உன்னைக் கேட்டவன்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வேலைக்குப் போட்டாள் எண்டன்."

அந்த அரை மணித்தியாலத்துக்கு வெகுநேரம் முன்னரே பாட்டு முடிந்துவிட்டது. பாடிக்கொண்டிருந்தபோது அவன் அழைத்திருந்தால் என் மனதை எப்படியாவது ஆற்றியிருப்பேன். நான் கேக் தின்றுகொண்டு நின்றிருக்கிறேன். அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை. சித்திரை போய், வைகாசி போய், எல்லாம் முடிந்தும் எடுக்கவில்லை. முகாம்களில் தேடினோம், வந்தவர்களிடம் விசாரித்தோம். கண்டதாகச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

நான் திரும்ப மண்டபத்துக்குப் போகவில்லை. ஊர்சுலா இரண்டு தரம் கேட்டுவிட்டு விட்டுவிட்டாள். பிரான்ட் அம்மையார் மகளோடு வடக்கே போய்விட்டார், பிறகு காலமானதாகக் கேள்வி. சனிக்கிழமைக் கூட்டம் சிதறிப்போயிற்று. சனம் வராத தேவாலயத்தைப் பூட்டிவிட்டு, மண்டபத்தை இடித்து அந்த இடத்தில் வீடுகள் கட்டிவிட்டார்கள். வீட்டுத் தொலைபேசியை மட்டும் நாங்கள் கனகாலம் வெட்டாமல் வைத்திருந்தோம். இலக்கம் மாறக்கூடாது என்று வீடும் மாறவில்லை. போன வருசம் கம்பனிக்காரன் பழைய இணைப்புகளை எடுக்கிறான் என்று பிள்ளைகள் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

தொலைபேசியை நிறுத்திய அன்றிரவு அக்கா என் அறைக்கு வந்து கட்டிலில் இருந்தார். "உனக்கு நான் ஒண்டு சொல்லேல்லை" என்றார். இத்தனை வருசம் வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறார்.

"நீ வேலைக்குப் போட்டாய் எண்டு சொன்னன் எல்லே. அதுக்கு அவன், 'ஞாயிற்றுக்கிழமையிலையும் விடாங்களோ? சின்னக்கா பாவம். உடம்பைப் பாக்கச் சொல்லுங்கோ' எண்டான். அதோடை லைன் அறுந்து போட்டுது."