தண்ணீர்த் தொட்டிக்குள் நான் செய்த ஜெபம்

அன்பான சபையாரே, போன வருடம் குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிக்குள், கால் எலும்பு முறிந்து, கழுத்தளவு தண்ணீரில் நின்றவன் நான். அன்றோடு என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் பெயர் ஜெபசிங். ஊர் தென்காசி. லாட்ஜ், ஆஸ்பத்திரி, மில் எங்கும் போய், தீயணைக்கும் கருவிகளைச் சோதித்துப் பழுது பார்ப்பது என் தொழில். பதினாறு வருடமாகச் செய்கிறேன். ஊராருக்கெல்லாம் பாதுகாப்பு சொல்லிக் கொடுக்கிறவன், அன்று என் பாதுகாப்பை மறந்தேன். அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன்.

சீசன் தொடங்க இன்னும் பத்து நாள் இருந்தது. சாரல் மட்டும் விழ ஆரம்பித்திருந்தது. லாட்ஜில் விருந்தாளிகள் யாரும் இல்லை. காலையில் முதல் வேலையாக, தொட்டியில் தண்ணீர் குறைந்தால் சத்தம் போடும் அலாரத்தைச் சரிசெய்தேன். தொட்டிக்குள் ஒயரில் ஒரு பிளாஸ்டிக் பந்து மிதக்கும். தண்ணீர் இடுப்பளவுக்கும் கீழே இறங்கிப் பந்து தொங்கினால், வரவேற்பறையில் சங்கு ஊதும். அடிக்கடி கத்துகிறது என்று யாரோ அதன் இணைப்பையே பிடுங்கி வைத்திருந்தார்கள். திரும்பக் கொடுத்துவிட்டு, அலாரப் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வழக்கமாக நான் அதைப் பூட்டுவதில்லை. அன்று ஏன் பூட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

லாட்ஜ் கிளார்க் கேட்டார். "அண்ணாச்சி, வேலை முடிஞ்சிட்டா? தொட்டிய நெரப்பணும்லா?"

"கொஞ்ச நேரத்துல நெரப்பிக்கிடலாம்" என்றேன். தொட்டிக்குள் இறங்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. என்னோடு வர வேண்டியவர் அன்று லீவு. ஆள் இல்லாமல் தொட்டிக்குள் இறங்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததா? பம்பு தண்ணீர் உறிஞ்சும் குழாயின் சல்லடையில் அடைப்பு இருந்தது. ஐந்து நிமிட வேலைதானே என்று இறங்கினேன்.

கடைசிக்கு முந்தின படிக்கம்பி துருப்பிடித்திருந்தது. கால் வைத்ததும் அதுவும் கையில் பிடித்திருந்த கம்பியும் சேர்ந்து பெயர, கீழே விழுந்தேன். வலது காலில் சடக்கென்று ஒரு சத்தம். இடுப்பளவு தண்ணீர். மேலே சதுரமாக வானம். எட்டும் தூரத்தில் கம்பி இல்லை. போன் மேலே பையில்.

கத்திப் பார்த்தேன். அந்த நேரம் மோட்டார் போடும் சத்தம் கேட்டது. என் தலைக்குமேல் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. நான் வேலையை முடித்துவிட்டேன் என்று நினைத்து, கிளார்க் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார்.

தண்ணீர் ஏறினால் மிதந்து மேலே வந்துவிடலாமே என்று கேட்பீர்கள். அருவிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தும் எனக்கு நீச்சல் தெரியாது.

நெஞ்சுவரை ஏறியது. என் மனைவி கிரேஸையும் இரண்டு பிள்ளைகளையும் நினைத்து அழுதேன். வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, ஒரு ஆளை அனுப்பும்." இதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்போது என் தோளில் ஏதோ வந்து இடித்தது. பார்த்தால், காலையில் நான் சரிசெய்த பந்து.

இரண்டு கையாலும் ஒயரைப் பிடித்து, பந்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கித் தொங்கவிட்டேன். தூரத்தில் சங்கு ஊதியது. பிரியமானவர்களே, அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தேன், அழுதேன். கை இறங்கினால் சத்தம் நின்றுவிடும். ஒற்றைக் காலில் நின்றேன். தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது.

மாடியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்த இசக்கியம்மாள் அக்காவுக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. அணைக்கலாம் என்று இறங்கி வந்தால் பெட்டி பூட்டியிருக்கிறது. பூட்டின என்னைத் திட்டுவதற்காகத் தேடிக்கொண்டு பின்பக்கம் வந்திருக்கிறார்.

"ஏ அண்ணாச்சி, எங்கன இருக்கிய? சாவியக் குடுங்க, காது போவுது!"

"அக்கா! தொட்டிக்குள்ள கெடக்கேன்! மோட்டார நிறுத்துங்க! செவப்பு பட்டன்!"

மேலே சதுரத்தில் அவர் முகம் தெரிந்து மறைந்தது. குழாயில் தண்ணீர் நின்றது. பிறகு, கொடியில் கிடந்த ஈர விரிப்புகளை முடிச்சுப் போட்டு, ஒரு நுனியைத் தூணில் கட்டி, மறுநுனியை உள்ளே விட்டார்.

"இடுப்புல கெட்டுங்க. பயப்படாதிய, நான் எங்கனயும் போவ மாட்டேன்."

கிளார்க் ஓடி வரும்வரை, கால் மணி நேரம், என்னைத் தாங்கிப் பிடித்தபடி என்னோடு பேசிக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார். இரண்டு பேருமாகத்தான் என்னைத் தூக்கினார்கள்.

காலில் கம்பி வைத்தார்கள். மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். இசக்கியம்மாள் அக்கா பண்பொழி முருகனைக் கும்பிடுகிறவர். என்னைப் பார்க்க வந்தபோது கிரேஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஆண்டவர்தான் ஒங்கள அனுப்புனாரு" என்றாள். அக்கா சிரித்தார். "நான் திட்டலாம்னுல்லா வந்தேன். சரி, அவரே அனுப்புனதா இருக்கட்டும்." அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். இப்போது எங்கள் வீட்டு விசேஷம் எதுவும் அவர் இல்லாமல் நடப்பதில்லை.

திரும்ப வேலைக்குப் போன முதல் வாரம், எந்தத் தொட்டியைப் பார்த்தாலும் உடம்பு வியர்த்தது. அதற்கும் ஜெபித்தேன். பயம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. இப்போது கயிறும் மேலே ஒரு ஆளும் இல்லாமல் எங்கும் இறங்குவதில்லை. போகிற இடமெல்லாம் இதைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் கால் கொஞ்சம் குத்தும். மற்றபடி குறை ஒன்றும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது தெரிகிறது.

உங்களில் யாருக்காவது இன்று ஜெபிக்க வார்த்தை வரவில்லையென்றால் வெட்கப்படாதீர்கள். எனக்கும் நாலே வார்த்தைதான் வந்தது. அவர் கேட்டார். உங்கள் ஜெபத்தையும் கேட்பார். தனியாக ஜெபிக்கப் பயமாக இருந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கிரேஸும் நானும் கூட உட்காருகிறோம்.